சாக்ஸ் பின்னும் கையும் சாக்ஸ் போடும் காலும்

கேள்வி: எனக்கு 61 வயது. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோத்தகிரி பக்கம் வீடு. நான்கு மாதமாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் உல்லன் பின்னக் கற்றுக்கொள்கிறேன். முதலில் குழந்தைக் குல்லா, அப்புறம் மொபைல் உறை, இப்போது சாக்ஸ். என் கணவருக்கு 12 வருடமாகச் சர்க்கரை. பாதம் எப்போதும் சில்லென்று இருக்கிறது, பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்கிறார். அவருக்காகத்தான் சாக்ஸில் இறங்கினேன். ஒன்றை முடித்துவிட்டேன், இரண்டாவதில் குதிகால் வரை வந்திருக்கிறேன். மூன்று வாரமாக வலது கட்டைவிரல் அடியில் சுள்ளென்று வலி. குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை. ராத்திரி விரல்கள் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது, கையை உதறினால் சரியாகிறது. தைராய்டுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று ஆறு மாதமாக நிறுத்திவிட்டேன். "இந்த வயசில் இதெல்லாம் எதுக்கும்மா, ஊசியைத் தூக்கிப் போடு" என்கிறாள் மகள். விட்டுவிடத்தான் வேண்டுமா டாக்டர்?

பதில்: விட வேண்டாம் டீச்சர். மூன்று வாரம் ஊசியைக் கீழே வையுங்கள். அதற்குள் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மறுபடி எடுக்கும்போது பிடிக்கிற விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மகள் கேட்டால் டாக்டர் இப்படித்தான் சொன்னார் என்று இதைக் காட்டுங்கள்.

நீங்கள் ஒரே வலி என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இரண்டாகத் தெரிகிறது. கட்டைவிரல் அடியில் சுள்ளென்று வருவது ஒன்று. ராத்திரி விரல் மரத்துப்போவது வேறொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் கொஞ்சம் வேறு.

முதலில் கட்டைவிரல். கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் நுழைந்து போகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த உறை தடித்து, நாண் ஓடும் வழி இறுகிவிடும். 1895இல் ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் இதை விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் இது சர்வ சாதாரணம். வீட்டில் பேரக் குழந்தை இருந்தால், அதைத் தூக்கும்போதும் வலிக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு சின்னச் சோதனை: கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன்மேல் மற்ற விரல்களை மூடி, மணிக்கட்டை மெல்லச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டின் ஓர எலும்புக்கு மேலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அநேகமாக இதுதான். வலித்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், மேலே அழுத்த வேண்டாம்.

வலி மணிக்கட்டில் இல்லாமல் கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டிலேயே இருந்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது நிறைய வரும். பாட்டில் மூடி, குக்கர் மூடி, சாவி திருகும்போது தெரியும். நீங்கள் மூடியைப் பற்றி எழுதியிருப்பதால் இதையும் ஒதுக்கிவிட முடியாது. கையைத் தொட்டுப் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

ராத்திரி மரத்துப்போவது நரம்புச் சமாச்சாரம். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே சுரங்கம் போன்ற வழி இருக்கிறது. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். தூங்கும்போது மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் இரவில் அதிகமாகும், உதறினால் தெளியும். இன்றிரவு விழிப்பு வந்தால் எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் இந்த நரம்புதான். சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தால் கழுத்திலோ முழங்கையிலோ தேட வேண்டியிருக்கும்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். தைராய்டு சுரப்பு குறைந்தால் உடம்பின் திசுக்களில் நீர் கோக்கும், அந்தச் சுரங்கத்திலும் கோக்கும். நான்கு மாதப் பின்னல் மேல் முழுப் பழியையும் போடுவதற்கு முன்னால், ஆறு மாதமாக நின்றுபோன மாத்திரையைத்தான் நான் விசாரிப்பேன். உடம்பு நன்றாக இருந்தது அந்த மாத்திரையால்தான் டீச்சர். தைராய்டு அளவு காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கூடவே சர்க்கரையும் பாருங்கள், அதுவும் இந்த நரம்பைத் தொல்லை செய்யும். பழைய மாத்திரையைப் பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்க வேண்டாம். இடைவெளி விட்ட பிறகு, இந்த வயதில், இதயத்தையும் மனதில் வைத்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். தொடங்கினால் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். காபி, டீ எல்லாம் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான். குளிரில் எழுந்தவுடன் சூடாக ஒரு டம்ளர் டீ இல்லாமல் முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த இடைவெளி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பரிசோதனை.

கைக்கு என்ன செய்வது? கட்டைவிரலையும் சேர்த்து மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் ஒன்று வாங்குங்கள். இரண்டு தொந்தரவுக்கும் அது ஒன்றே போதும். இரவு கட்டாயம், பகலில் முடிந்தவரை. வலிக்கு மேலே தடவும் ஜெல் போதும். மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டாம், வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பதம் பார்க்கும். மூன்று வாரத்தில் குறையாவிட்டால் தசைநாண் உறைக்குள் ஓர் ஊசி போடலாம். பெரும்பாலோருக்கு அதிலேயே சரியாகிவிடும். கையிலிருந்து பொருள் நழுவி விழுந்தாலோ, பகலிலும் மரமரப்பு போகாவிட்டாலோ, கட்டைவிரல் அடியில் இருக்கும் சதைமேடு மற்றக் கையைவிடத் தட்டையாகத் தெரிந்தாலோ மூன்று வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். நரம்பு வாடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும்.

இனி ஊசி. பிறந்தது முதல் பின்னல் ஊசிகளோடு வளர்ந்தவன் நான், என் அம்மா மடியில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள்: கண்ணி நழுவிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலைச் சுண்டி இழுப்பார்கள். கண்ணி இறுகினால் ஊசி நுழையாது. நுழையாத ஊசியைக் கட்டைவிரல் தள்ளும். சாக்ஸில் ஒரு சுற்றுக்கு அறுபது கண்ணி என்றால், ஒரு சுற்றுக்கு அறுபது தள்ளு. அதுவும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய ஊசியில். குல்லா பின்னியபோது வராத வலி சாக்ஸில் வந்ததற்கு இதுவும் காரணம். பின்னியதை ஊசியிலேயே விரலால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். கண்ணிகள் தாமாக வழுக்கிப் போக வேண்டும். இழுத்தால்தான் நகர்கிறது என்றால் நீங்கள் இறுக்குகிறீர்கள்.

மூன்று வாரம் கழித்துத் தொடங்கும்போது நாலு மில்லிமீட்டர் ஊசியும் தடித்த நூலும் எடுத்து, படுக்கையில் போடும் சாக்ஸ் ஒன்று பின்னுங்கள். உலோக ஊசியைவிட மூங்கில் ஊசி கைக்கு இதம், குளிரிலும் சில்லிடாது. இரண்டு முனையும் கூரான நான்கைந்து ஊசிகளைச் சமாளிப்பதைவிட, நடுவில் வளையும் ஒயர் உள்ள வட்ட ஊசி நல்லது. பின்னலின் கனம் மடியில் இறங்கிவிடும், மணிக்கட்டு சுமக்காது. பருத்தி நூல் வேண்டாம், அது வளைந்து கொடுக்காது. கம்பளி நூல் கொடுக்கும். முழங்கைக்குக் கீழே தலையணை. தொடங்குமுன் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கை. இருபது நிமிடம் பின்னினால் ஐந்து நிமிடம் ஓய்வு. "இந்தச் சுற்று முடியட்டும்" என்று தோன்றும், அதனால் மொபைலில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே விரல் நுனி வெளியே தெரிகிற மாதிரி உங்களுக்கே ஒரு ஜோடி மணிக்கட்டு உறை பின்னிக்கொள்ளுங்களேன். சின்ன வேலை, குளிர்காலத்துக்கு உங்கள் கைக்கும் ஆகும்.

மகள் "எதுக்கும்மா" என்று கேட்டதற்கு ஒரு பதில் உண்டு. 2013இல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை ஆய்விதழில், பின்னல் போடும் 3,545 பேரிடம் கேட்டு எழுதிய கட்டுரை வந்தது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னது என்பதால் இதை மருந்துச் சோதனை போல எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் இரண்டு வருடம் எத்தனை பேரைத் தூக்கமில்லாமல் என்னிடம் கொண்டுவந்து விடுகிறது என்பதைப் பார்க்கிறவன் நான். நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து புதிதாக ஒன்று கற்றுக்கொள்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

கடைசியாக சாரின் கால். அவர் கையில் வலி வந்து எழுதியிருந்தால்கூட நான் இதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பேன்.

பஞ்சு மேல் நடப்பது போல இருந்தால், அநேகமாகச் சர்க்கரை பாதத்து நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சில்லென்று தோன்றுவதும் நரம்பால் இருக்கலாம், ரத்த ஓட்டம் குறைந்தும் இருக்கலாம். சாக்ஸ் இரண்டையும் குணப்படுத்தாது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள், பாதத்து நாடியையும் தொட்டுப் பார்ப்பார்கள். வலியில்லாத, சில நிமிடச் சோதனை. இந்த மாதமே செய்துவிடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். மருமகள் ஆசையாகப் பின்னிக் கொடுத்த கருநீலச் சாக்ஸ் போட்டிருந்தார். கழற்றும்போது சுண்டுவிரல் அருகே தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். ஒரு நூல் முடிந்து அடுத்த நூல் சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சு, மிளகு அளவுதான். விரலிலும் மிளகு அளவில் ஒரு புண், அதன் அடியில் சீழ். "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்றார். கருநீலத்தில் கசிவும் கண்ணில் படவில்லை. புண் ஆற ஆறு வாரம் ஆனது. அந்தப் பெண் என் அறையிலேயே அழுதார். தவறு அவருடையது இல்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முடித்து வைத்திருக்கும் அந்த ஒற்றைச் சாக்ஸை இப்போது எடுத்து, உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். உங்கள் விரலில் தட்டுப்படுவது எதுவும் அவர் தோலை அறுக்கும். பாதப் பகுதியில் முடிச்சே கூடாது. கம்பளி நூல் இரண்டின் நுனியையும் பிரித்து, ஈரப்படுத்தி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் ஒன்றாகப் பிணைந்துகொள்ளும். எந்திரத்தில் துவைக்கலாம் என்று போட்ட நூலில் இது நடக்காது, அதற்கு நுனிகளைக் கணுக்காலுக்கு மேலே வருமாறு பார்த்துக் கோத்து மறையுங்கள். விரல் நுனியை மூடும்போது இரண்டு வரிசையையும் வரம்பு எழும்படி சேர்க்காமல், தையல் ஊசியால் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடுங்கள். அப்படியும் உள்ளே வரம்பு தட்டினால் சாக்ஸைப் புரட்டியே போட்டுவிடட்டும், அழகு யாருக்கு வேண்டும்? வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள் மாதிரி நிறத்தில் பின்னுங்கள். மேல்விளிம்பு தளர்வாக இருக்கட்டும். சாயங்காலம் கழற்றும்போது காலில் ரப்பர் பேண்ட் போட்ட மாதிரி தடம் இருந்தால் அது இறுக்கம். தொளதொளவென்றும் இருக்கக் கூடாது, மடிப்பு விழுந்த இடமும் முடிச்சைப் போலத்தான் அழுத்தும். இந்தச் சாக்ஸைப் பழைய ஷூவுக்குள் திணிக்க வேண்டாம். விரலை அசைக்க இடமில்லாத ஷூவில் தடித்த சாக்ஸ் கெடுதலே செய்யும்.

வீட்டில் வெறும் சாக்ஸோடு நடக்க விடாதீர்கள். சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். மேலே செருப்பு வேண்டும். இன்னொன்று, கணப்பில் கால் காய்ச்ச வேண்டாம். ஹீட்டர், வெந்நீர் பை எதுவும் காலுக்கு வேண்டாம். உணர்ச்சி குறைந்த கால் வெந்துபோன பிறகுதான் தெரியும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி கணப்போடு தூங்குவது உயிருக்கே ஆபத்து, கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தினமும் படுக்கப் போகும்போது அவர் பாதத்தை, விரல் இடுக்குகள் உட்பட, நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம், சிவப்பு, வெடிப்பு எது இருந்தாலும் அடுத்த நாளே காட்டுங்கள்.

ஊசியில் நிற்கும் குதிகாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கண்ணிகளை ஒரு தடித்த நூலில் கோத்து இறக்கி, நுனிகளைத் தளர்வாகக் கட்டி, துணிப் பையில் போட்டு வைத்தால் மூன்று வாரம் அல்ல, மூன்று மாதமானாலும் அப்படியே இருக்கும். எந்தச் சுற்றில் நிறுத்தினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். எந்தெந்த விரல் மரத்தது என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.