துணி நனையாமல் இருக்க எந்த வானிலை நிலையம் வாங்குவது?

கேள்வி: சிங்கப்பூரின் யீஷூனில், 11வது மாடியில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு. விளக்கு, ஏர்கான் எல்லாம், வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் இணைத்திருக்கிறேன். மழை தொடங்கியதும் கைப்பேசிக்குத் தகவல் வந்தால், கம்பில் காயும் துணியை எடுக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிடுவேன். காற்று, வெப்பம், மழை எல்லாம் அளக்கும் நிலையத்தைப் பொருத்துக்கூலியோடு 900 வெள்ளிக்குத் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மழை வருகிறதா என்ற ஒரே தகவல்தான் உங்களுக்குத் தேவை. அதற்கு எதற்கு முழு நிலையம்?

ஜன்னலோரத்தில் வைக்கும் காற்றுமானி, கட்டடத்தில் மோதித் திரும்பும் காற்றைத்தான் அளக்கும். வெப்பமானி சுவரின் சூட்டைக் காட்டும். மேல்மாடித் தளம் மறைப்பதால் மழைமானியின் கணக்கும் சரியாக வராது. அப்படியானால் வெளியே தள்ளிப் பொருத்தலாம் என்பார் விற்பனையாளர். ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிச்சுவர் உங்களுடையது அல்ல. திருகு தளர்ந்து கருவி கீழே விழுந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள், அவர் அல்ல. வீட்டுக்குள் என்றால் வீவக, பொது இடம் என்றால் நகர மன்றம். இப்படிப் பிரித்து வைத்திருக்கும்போது, ஒரு சின்னக் கருவியை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று ஒரே பக்கத்தில் எளிதாக எழுதி வைத்தால் என்ன? அது இல்லாததால்தான் "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அவர்களிடம் இன்னொன்றிலும் கவனமாக இருங்கள். அமெரிக்காவுக்காகச் செய்த, 915 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் கருவியை மலிவாக வரவழைத்து, "எல்லாம் ஒன்றுதான்" என்று விற்பார்கள். ஒன்று அல்ல. இத்தகைய கருவிகளுக்கு இங்கே அனுமதித்திருக்கும் அலைவரிசைக்குள் 915 வராது. 433 அல்லது 868 என்று கேட்டு வாங்க வேண்டும். ஒன்றின் உணர்கருவி மற்றதன் தகவல் வாங்கும் பெட்டியோடு பேசவும் பேசாது. பிறகு உதிரி வாங்கும்போது தவிப்பீர்கள். விற்கும் அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட வேண்டிய எண்ணை அடியில் பொடி எழுத்தில் போட விட்டிருக்கிறோம். இது எனக்குத் தீராத எரிச்சல்.

சரி, உங்கள் துணிக்கு வருவோம். அரசாங்கத்தின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளம், தீவெங்கும் உள்ள மழைமானிகளின் அளவை 5 நிமிடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருகிறது. இணையத்திலிருந்து தகவல் எடுக்க ஹோம் அசிஸ்டன்டில் இருக்கும் ரெஸ்ட் இணைப்பு அதை எடுத்துக்கொள்ளும். பலரும் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் மானியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே மழை பதிவாகும்போது உங்கள் துணியும் நனைந்திருக்கும். மேற்கே பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன் வரும் சுமத்ரா சூறை, தீவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கிறது. பழைய சுவா சூ காங் சாலை, நன்யாங் அவென்யூ மானிகளில் மழை ஏறத் தொடங்கினால், இரவில் வெளியே விட்ட துணியை எடுக்க அவகாசம் கிடைக்கும்.

பிற்பகல் இடிமழைக்கு இந்த வழி உதவாது. அது தலைக்கு மேலேயே உருவாகி, ஒரு பேட்டையில் கொட்டிவிட்டு அடுத்த பேட்டையைத் தொடாமல் போய்விடும். அதற்கு ஸிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பில் பேசும் நீர்க்கசிவு உணர்கருவி ஒன்று போதும். அதில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும்; நீர் அவற்றை இணைத்ததும் செய்தி வரும். நீர் புகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஜன்னல் கம்பிக்கு உட்பக்கம், சாரல் படும் விளிம்பில், புள்ளிகள் மேலே தெரியும்படி வைத்துக் கம்பியோடு கட்டிவிடுங்கள். ஈரம் காய நேரமாகும் என்பதால் மழை நின்றதா என்று இதைக் கேட்காதீர்கள். புள்ளிகளில் பச்சை படிந்தால் துடைத்துவிடுங்கள்.

சொந்தக் கூரையுள்ள தரை வீடு என்றால் கதை வேறு. உறவினர் யாராவது தரை வீட்டில் இருந்து, உங்களைப் பார்த்து அவர்களும் ஆசைப்பட்டால், முழு நிலையம் வாங்கட்டும். கூரையில் நாலாபக்கமும் திறந்த இடம் இருக்கிறது, காற்றும் மழையும் உண்மையாக வரும். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இணையத்தைத் துண்டித்தாலும் ஹோம் அசிஸ்டன்டில் எண்கள் வருமா?" எக்கோவிட் போன்ற நிறுவனங்களின் நிலையப் பெட்டி, எண்களை வீட்டுக்குள்ளேயே நேராக அனுப்பும். அமைக்கும்போது, எண்களை அனுப்பும் முகவரியின் தொடக்கம் எச்டிடிபிஎஸ் (https) அல்ல, எச்டிடிபி (http) என்று இருக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். எண்கள் நிறுவனத்தின் இணையச் சேவையகத்துக்குப் போய்த்தான் திரும்பும் என்றால், நிறுவனம் சந்தா கேட்கும் நாளில் கொடுத்தாக வேண்டும். இடிமின்னல் மிகுந்த ஊர் இது. அதனால் கூரைக்கம்பத்திலிருந்து வீட்டுக்குள் ஒயர் இழுக்காமல், கம்பியில்லா உணர்கருவியாகவே பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் நேரடி இடியைத் தாங்காது. ஆனால் மின்னல் ஒயர் வழியாக மற்ற கருவிகளுக்கு வரும் வழி அடைபடும்.

அந்த விற்பனையாளரிடம் முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், மாடல் எண்ணையும் அலைவரிசையையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதற்கும் இழுத்தடித்தால், ரசீதோடு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள்.