பிக்கப் கேள்விகள்: முதலில் முடுக்கை அளந்துவிட்டு வாருங்கள்

மார்த்தாண்டம் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேலாக டீசல் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவன் நான். தோட்டத்துக்கும் மலைக்கும் பிக்கப் வாங்க நினைப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் பதில். விலை சொல்ல மாட்டேன், அது ஷோரூம்காரர் வேலை.

குலசேகரம், ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்: மூன்று ஏக்கர் ரப்பர், இடையில் அன்னாசி. கடைசி அரைக் கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். இசுசு வி-கிராஸில் டூ வீல் ஆட்டோமேட்டிக் எடுக்கவா, ஃபோர் வீல் மேனுவல் எடுக்கவா? மச்சினன் டொயோட்டா ஹைலக்ஸ்தான் வாங்கச் சொல்கிறான்.

அண்ணே, ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டம் வரை நடந்து போங்கள். வி-கிராஸ் கிட்டத்தட்ட 5.3 மீட்டர் நீளம், கண்ணாடியைச் சேர்க்காமலே 1.86 மீட்டர் அகலம். ஹைலக்ஸும் ஏறக்குறைய அதே நீளம்தான். ஒரே திருப்பில் வட்டமடிக்க இரண்டுக்குமே 12 மீட்டருக்கு மேல் வேண்டும். நம்ம விளவங்கோடு, கல்குளம் பக்கத்து முடுக்குகளில், அதாவது ஒடுங்கிய வழிகளில், இரண்டு பக்கமும் கய்யாலை, எல்லைக்குக் கட்டிய சுவர். வளைவில் மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்தால்தான் திரும்பும் என்றால், மழை நாளில் அந்த மூன்றாவது தடவையில்தான் பின் சக்கரம் ஓடையில் இறங்கும். முடுக்கு பத்தாது என்று தெரிந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். பொலேரோ கேம்பரில் ஃபோர் வீல் வருகிறது, அதைப் பாருங்கள். வி-கிராஸைவிட ஓரடிக்கு மேல் குட்டை, அகலத்திலும் அரை அடி குறைவு. உள்ளே சொகுசு கிடையாது. அதனாலென்ன?

முடுக்கு பத்தும் என்றால் அடுத்தது. வி-கிராஸில் டூ வீலுக்கும் ஃபோர் வீலுக்கும் ஒரே இஞ்சின்தான்: 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். ஏற்றத்தில் நிற்கும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை பலம் போதாமல் நிற்பதில்லை, பிடி இல்லாமல்தான் நிற்கின்றன. பிக்கப்பின் பின்பக்கம் காலித் தொட்டி. பாரம் ஏற்றுவதற்கென்று போட்ட பட்டைச் சுருள், அதாவது லீஃப் ஸ்பிரிங், காலி வண்டியில் விறைத்துக்கொண்டு நிற்கும். டூ வீலில் இழுப்பதோ அந்தப் பின் சக்கரம் மட்டும். ஆனியில் நனைந்த செம்மண்ணில் அது அம்மி அரைத்தது போல ஒரே இடத்தில் சுற்றும். நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. மண் காய்ந்து கிடக்கும் மாதங்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆகவே ஃபோர் வீல்.

இனி உங்கள் மச்சினன் சொல்லும் ஹைலக்ஸ். 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன். இழுவை மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். டூ வீல் வகையே இல்லை, எல்லாமே ஃபோர் வீல். உண்மையான வித்தியாசம் பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி. டிஃபரன்ஷியல் என்பது வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு. ஃபோர் வீல் போட்டாலும் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால் சக்தி எல்லாம் அந்த இரண்டுக்கே ஓடிவிடும், வண்டி நகராது. பின்னால் பூட்டு போட்டால் தரையில் இருக்கும் சக்கரமும் சேர்ந்து தள்ளும். பாறையும் பள்ளமும் மாறி மாறி வரும் வழிக்கு அது தங்கம். நீங்கள் சொல்கிற மாதிரி ஒரே சீரான செம்மண் ஏற்றத்துக்கு வி-கிராஸ் ஃபோர் வீல் மேனுவலும் ஃபோர் லோ கியரும் (நாலு சக்கரத்துக்கும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது) போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள். ஷோரூமில் போட்டுத் தரும் டயர் தார் ரோட்டுக்குச் செய்தது. அதோடு சேற்றில் இறங்கிவிட்டு வண்டியைக் குறை சொல்லாதீர்கள்.

ஒன்று விட்டுப்போனது. தினமும் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஒரு டன் ஏற்றுவதாக இருந்தால் இந்த இரண்டுமே வேண்டாம். இவை சட்டப்படி சுமப்பது அரை டன்னுக்கும் கீழே. பொலேரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் ஏற்றும் வகைகள் இருக்கின்றன.

கருங்கல்: மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்?

ஃபோர் லோவில் மலை ஏறும்போது மைலேஜ் பார்க்கிறவர் நடந்தே ஏறலாம். தார் ரோட்டில் உங்கள் கால் எவ்வளவு மெதுவோ அவ்வளவு.

ஆரல்வாய்மொழி: தினமும் கணவாய் வழியாகத் திருநெல்வேலி போய்வருகிறேன். காற்று வண்டியைத் தள்ளுகிறது. ஃபோர் ஹை (சாதாரண வேகத்தில் நாலு சக்கரமும் இழுப்பது) போட்டு ஓட்டினால் நிலையாக இருக்குமா?

இருக்காது. போடவே போடாதீர்கள். இந்தப் பிக்கப்புகளில் வருவது வேண்டும்போது மட்டும் போடுகிற ஃபோர் வீல். முன் அச்சையும் பின் அச்சையும் இறுக்கிக் கட்டிவிடும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுக்க ஷாஃப்டிலும், இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், குறுகலாகத் திருப்பினால் வண்டி விக்கி விக்கி ஓடும், ஒருநாள் செலவு வைக்கும். முப்பந்தல் காற்றாலை சுற்றுகிற காற்றுக்கு மருந்து, வேகத்தைக் குறைப்பது. தொட்டியில் தார்ப்பாய் படபடக்கிற மாதிரி கட்டாதீர்கள், அதுவும் காற்றைப் பிடிக்கும்.

நாகர்கோவில், வடசேரி: வீட்டிலிருந்து கடைக்கு 3 கிலோமீட்டர். கெத்தாக இருக்கும் என்று ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் பார்க்கிறேன்.

கெத்துக்கு நான் ஆள் இல்லை. பிஎஸ்-6 டீசலின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நன்றாகச் சூடேறினால்தான் பிடித்த கரியை எரித்துச் சுத்தமாகும். 3 கிலோமீட்டரில் இஞ்சினே ஒழுங்காகச் சூடாகாது. எடுத்தே தீருவேன் என்றால் வாரம் ஒருமுறை காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

கொளச்சல்: மீன் ஏற்ற வேண்டும், சில நாள் மணலில் இறங்க வேண்டும். எந்த வண்டி?

மணலுக்கு ஃபோர் வீலைவிடக் காற்றுதான் முக்கியம். டயரில் இருபது பவுண்டு மட்டும் நிற்கிற மாதிரி காற்றை இறக்குங்கள், டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். மேலே வந்ததும் திரும்ப அடியுங்கள், அந்தக் காற்றோடு தார் ரோட்டில் ஓடினால் டயர் பக்கவாட்டில் கிழியும். சிறிய பம்ப் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

ஆனால் உங்கள் வண்டிக்கு எமன் மணல் இல்லை, உப்பு. மீன் பெட்டியில் ஐஸ் உருகி வடியும் தண்ணீர் தொட்டி ஓட்டை வழியே நேராகச் சேஸிஸில் இறங்குகிறது. நாலே வருஷத்தில் பட்டைச் சுருளின் கொக்கி அரித்து என்னிடம் வந்த வண்டி உண்டு, மேலே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருந்தது. தினமும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். மேலே துடைத்துவிட்டு ஃபோட்டோ எடுப்பது கழுவுவதில் சேராது. எந்த வண்டி என்றால், பெரிய தொட்டி உள்ள சாதாரண பிக்கப். மணலில் இறங்கும் சில நாளுக்காக வி-கிராஸ் வாங்காதீர்கள்.

தக்கலை: வி-கிராஸ் மைலேஜ்?

கருங்கல்காரருக்குச் சொன்னதே.

கீரிப்பாறை, ஓய்வு பெற்ற ஜீப் ஓட்டுநர்: நான் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஓட்டியது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப். மழைக்குப் பின் டயரில் சங்கிலி கட்டுவோம். கிராம்பு மூட்டையும் பத்து ஆளும் ஏற்றிக்கொண்டு மாறாமலை ஏறியிருக்கிறேன். நீர் எதற்குப் பிள்ளைகளை ஃபோர் வீல் வாங்கச் சொல்லிக் கடன்காரர் ஆக்குகிறீர்?

அண்ணாச்சி, உங்களை மாதிரி ஆட்களிடம்தான் நான் ஏற்றத்தில் கிளட்ச் பிடிக்கப் படித்தேன். ஆனால் ஏறியது ஜீப் இல்லை, அந்தப் பத்து ஆளும் மூட்டையும். அத்தனை பாரமும் பின் அச்சின்மேல் அமுக்கியது, அதுதான் பிடி. அதே ஜீப்பைக் காலியாக ஏற்றியிருந்தால் பாதியில் ஆளை இறங்கித் தள்ளச் சொல்லியிருப்பீர்கள். டூ வீல் பிக்கப் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது: மழை நாளில் பின் அச்சுக்கு நேர்மேலே இரண்டு மணல் மூட்டையை நகராமல் கட்டிப்போடுங்கள். தொட்டிக் கதவோரமாகப் போட்டால் முன்பக்கம் தூக்கும்.

மறுபடி அவரே: சங்கிலியைப் பற்றி வாயே திறக்கவில்லையே.

சங்கிலி சேற்றுக்கு நல்ல வைத்தியம், மறுக்கவில்லை. ஆனால் இப்போது பாதி வழி காங்கிரீட். சங்கிலியோடு ஏறினால் காங்கிரீட்டும் போகும், டயரும் போகும். ஒவ்வொரு தடவையும் இறங்கிக் கட்டி, இறங்கி அவிழ்க்க உங்கள் காலத்தில் கிளீனர் இருந்தான், இப்போது யார் இருக்கிறார்கள்? அதைவிடப் பெரிய விஷயம் இறக்கம். ஏற முடியாவிட்டால் நின்றுவிடலாம். இறங்கும்போது டூ வீலில் இஞ்சின் பிடித்து இழுப்பது பின் சக்கரங்களை மட்டும். ஈரத்தில் அவை வழுக்கிவிட்டால் வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். ஃபோர் லோவில் முதல் கியர் போட்டு விட்டால் நாலு சக்கரத்தையும் இஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொடவே வேண்டாம். நான் ஃபோர் வீல் வாங்கச் சொல்வது ஏறுவதற்காக இல்லை, வீடு திரும்புவதற்காக.

தடிக்காரன்கோணம், இளைஞர்: இரண்டு பேருமே பழைய காலம். இப்போது இறக்கத்துக்கு ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் வண்டியே பார்த்துக்கொள்ளும்.

தம்பி, அந்தப் பட்டன் செய்வது பிரேக்கை ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்து விடுவதுதான். நல்ல வசதி. ஆனால் பிடி கொஞ்சமாவது இருந்தால்தான் அதற்கு வேலை. பாசி பிடித்த காங்கிரீட்டில் பட்டனும் பிரம்மாவும் ஒன்றுதான். லோ கியரைப் போட்டுவிட்டுப் பட்டனையும் அழுத்திக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

கீரிப்பாறை அண்ணாச்சி: இறக்கம் பற்றி நீர் சொன்னது சரி. நானும் ஒரு தடவை கய்யாலையில் சாய்த்துத்தான் நிறுத்தினேன். ஆனால் ஆட்டோமேட்டிக்கை மலைக்கு யாரும் வாங்கக் கூடாது, இதில் விடமாட்டேன்.

அதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். லோ ரேஞ்ச் உள்ள ஆட்டோமேட்டிக் மலையில் மோசமில்லை. கிளட்ச் கருகும் வாசனை வராது, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கையில் பின்னால் உருளாது. புதிதாக ஓட்டுகிறவருக்கு அதுவே நல்லது. பிரச்சினை, சாதாரண ஹை ரேஞ்சில் டி-யில் போட்டுவிட்டு நீண்ட இறக்கம் இறங்குகிறவர்கள். பிரேக் சூடேறி மிதி பஞ்சாகிவிடும். கியரைக் கையால் கீழே இறக்கிப் பிடிக்கத் தெரிந்தவர் ஆட்டோமேட்டிக் வாங்கட்டும்.

அருமனை: முன்னால் பெரிய கம்பி பம்பரும், சிக்கிய வண்டியைக் கயிற்றில் இழுக்கும் வின்ச்சும் மாட்டி மேல் கோதையாறு போக ஆசை.

கம்பி பம்பர் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. நடந்து போகிறவர் காலை உடைக்கும், ஏர்பேக்கையும் குழப்பும். மேல் கோதையாற்றுக்குப் பேச்சிப்பாறை பக்கமிருந்து வண்டிப் பாதை இல்லை. மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாக, வனத்துறை அனுமதியோடு. வின்ச் பார்க்கத்தான் ஆசை என்றால் கோதையாற்றில் மலைமேல் இழுத்து ஏற்றுகிற ஒன்றை மின்வாரியமே வைத்திருக்கிறது.

திருவட்டாறு: சாதாரண கார் லைசென்ஸை வைத்து மஞ்சள் போர்டு பிக்கப் ஓட்டலாமா?

ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு இலகு ரக லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்குச் சரக்கு ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

பேச்சிப்பாறை: ஓடையைக் கடக்க வேண்டும். ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்கிறார்களே?

நிற்கிற தண்ணீரில் சரி. மலையில் மழை பெய்து கலங்கி ஓடுகிற தண்ணீரில் முழங்கால் ஆழமே வண்டியை நகர்த்தும். முதலில் கம்பை ஊன்றி நடந்து பாருங்கள். உங்களால் நடக்க முடியாத இடத்தில் வண்டியையும் இறக்காதீர்கள். கடந்து வந்த வாரத்தில் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

களியக்காவிளை: பழைய டாடா ஜீனான் ஃபோர் வீல் வருகிறது, வாங்கலாமா?

ஃபோர் வீல் போட்டு, மண்ணில் முன் சக்கரம் இழுக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். வருஷக்கணக்கில் லீவரையே தொடாத வண்டிகள்தான் அதிகம். தார் ரோட்டில் வைத்துச் சோதிக்காதீர்கள், காரணம் ஆரல்வாய்மொழிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இரணியல்: ஹைலக்ஸ் மைலேஜ்?

இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

கீரிப்பாறை அண்ணாச்சி: பேச்சு போதும். அடுத்த மழையில் உம்ம வி-கிராஸைக் கொண்டுவாரும். என் ஜீப் இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. யார் முதலில் மேலே போய் யார் முதலில் கீழே வருகிறார் என்று பார்ப்போம்.

வருகிறேன். சங்கிலியை எண்ணெய் போட்டு வையுங்கள்.