நேரலையில் ஆள் சேர்க்கும் ஓட்டம் தரத்தைக் கெடுக்கிறதா?

பிரபலமாக வேண்டும் என்ற ஓட்டம் நேரலைகளின் தரத்தைக் கெடுக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடுக்கிறது. எடிட் செய்து போடும் வீடியோவைவிட நேரலையை இன்னும் சீக்கிரமாகக் கெடுக்கிறது.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண், நேரலை போடுபவரின் கண்ணெதிரே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பதிவேற்றிய வீடியோ என்றால் எந்த இடத்தில் ஆட்கள் கழன்றார்கள் என்பது பிறகுதான் தெரியும், அதற்குள் வேலை முடிந்திருக்கும். நேரலையில் வித்வான் ராகத்தை எடுக்கும்போதே 200 பேர் 140 ஆவது தெரிகிறது, கை சும்மா இருக்குமா?

மயிலாடுதுறைப் பக்கம் கோயில் திருவிழாக்களை யூடியூபில் நேரலையாகப் போடும் ஒரு சேனலை ரொம்ப நாளாகப் பார்க்கிறேன். ஆரம்பத்தில், சுவாமி புறப்பாட்டுக்கென்று கம்பீரநாட்டை ராகத்தில் வாசிக்கும் மல்லாரி தொடங்கியதிலிருந்து சுவாமி வீதி சுற்றி வரும்வரை கேமரா நாயனத்தையும் தவிலையும் விட்டு நகராது. தெருமுனையில் நின்று தோடி ராகத்தை ஆற அமர வாசிப்பார்கள். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், விரலில் மாட்டிய கூடு விழும் ஓசைகூடத் தனியாகக் கேட்கும். இப்போது ஆலாபனையில் எண் கொஞ்சம் இறங்கியதும் கேமரா வாணவேடிக்கைப் பக்கம் ஓடுகிறது, "லைக் போடுங்க, ஷேர் பண்ணுங்க" என்ற குரல் நாயனத்தின் மேலேயே விழுகிறது, அப்புறம் சூப்பர் சாட்டில் பணம் போட்டவர்களின் பெயர், ஊர். அந்தப் பணத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் சேனலுக்கு வரும், சேனல்காரருக்கும் பெட்ரோல், நெட் செலவு இருக்கிறது, அதற்காக அவரைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் போன பங்குனியில் வாசிப்பவரிடமே போய், "ஒரு சினிமா பாட்டு வாசிங்கண்ணே, ஆள் ஏறும்" என்று கேட்டார். அவரும் தோடியைப் பாதியில் விட்டுவிட்டு வாசித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனில் ஓடுகிற எண்ணுக்காகத் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தோடி போயிற்று.

வெள்ளக் காலத்து நேரலைகளில் இந்த ஓட்டம் ஆபத்தாகவே ஆகிவிடுகிறது. 2018 ஆகஸ்டில், திருச்சி பக்கம் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தவர்கள் நாம். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள், அதில் கொள்ளிடத்துக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் கரையோரம் மாடு கட்டியிருப்பவருக்கு வேண்டும். கிடைப்பதோ "கரை உடையப்போகிறதா?" என்ற தலைப்பும், பாலத்தில் நின்றுகொண்டு ஒரு மணி நேரக் கத்தலும்.

ஜனங்களுக்கு நிதானமாகப் போனால் பிடிக்காது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தும் நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிய ஒரு மணி நேரம்போல ஆகும்; தூர்தர்ஷன் நேரலையில் பார்க்கும்போது எங்கள் வீட்டில் ஒருவரும் எழுந்து போவதில்லை. நடுவில் யாரும் லைக் கேட்பதும் இல்லை.

நீங்களே நேரலை தொடங்கப்போகிறீர்கள் என்றால், போனை ஸ்டாண்டில் நிறுத்தி, எண் தெரியும் மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். சாட்டில் வருவதை வீட்டிலிருந்து தம்பியோ தங்கையோ பார்க்கட்டும். தலைப்பில் வாசிப்பவர் பெயரையும் ராகத்தையும் போடுங்கள். அன்றிரவு கூட்டம் குறைவாகத்தான் வரும், சரி. நேரலை முடிந்தாலும் அது வீடியோவாக இருக்கும் அல்லவா? சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து அந்தச் சேனலின் பழைய பதிவுகளைத்தான் போட்டுக் கேட்கிறார், முழு மல்லாரியும்.