நாற்பது வாளித் தண்ணீர்

கேள்வி: நாங்கள் விசுவமடுப் பக்கம். மூன்று வருடத்துக்கு முதல் நானும் கணவரும் ஞானஸ்நானம் எடுத்தோம். வீட்டுத் தோட்டத்தில் வெண்டி, கத்தரி, பயற்றை, மிளகாய் வைத்திருக்கிறோம். அயலில் ஆறு வீட்டுக்கு மரக்கறிப் பையோடு சுவிசேஷத் துண்டுப்பிரசுரமும் வைத்துக் கொடுக்கிறேன். போன மாதமும் 500 அடித்தோம். மரக்கறியை எடுக்கிறார்கள், பிரசுரம் அடுப்புக்குப் போகிறது. 63 வயது மாமியும் இன்னும் மனந்திரும்பவில்லை. வைகாசி வந்தால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்விடுவார். தண்ணீர் மோட்டர் நாலு மாதமாகப் பழுது. மாமிதான் விடிய எழும்பி 40 வாளி அள்ளி ஊற்றுகிறார், அதனால் தோட்டத்துக்குக் குறையில்லை. மூன்று வருடம் விதைத்தும் ஒன்றும் முளைக்கவில்லையே, என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, 40 வாளி என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டீர்கள். என்னால் கடக்க முடியவில்லை.

ஒரு வாளி 10 லீற்றர் என்றே வைப்போம். 40 வாளி என்றால் 400 லீற்றர். அதுவும் ஒவ்வொரு நாளும். ஆவணியில் வன்னிக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கீழே போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆழத்திலிருந்து 63 வயதுக் கை இழுக்கிறது. அந்த நேரத்தில் நீங்களும் உங்கள் கணவரும் எங்கே இருந்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை. மோட்டர் திருத்தக் காசில்லை என்றும் நீங்கள் எழுதவில்லை. 500 பிரசுரம் அடிக்கக் காசு இருந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை. நானும் கிறிஸ்தவள்தான். மாமி மனந்திரும்பவில்லை, அப்பா சபைக்கு வரமாட்டார் என்று எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. அவர்களுக்கு இடுப்பு நோகிறதா, இரவில் நித்திரை வருகிறதா என்று ஒரு வரி எழுதுகிறவர்கள் குறைவு. தன் வீட்டாரைக் கவனியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, அது மாமியாருக்குப் பொருந்தாது என்று யார் உங்களுக்குச் சொன்னது? பெற்றவரையும் கட்டியவரைப் பெற்றவரையும் பார்ப்பது முதல் கடமை. ஊழியம் அதற்குப் பிறகுதான். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சரி, மூன்று வருடக் கணக்குக்கு வருகிறேன். லூக்கா 13 ஆம் அதிகாரத்தில் தோட்டத்துச் சொந்தக்காரரும் இதைத்தான் சொல்கிறார்: மூன்று வருடமாக இந்த அத்திமரத்தில் கனி தேடி வருகிறேன், ஒன்றுமில்லை, வெட்டிவிடு. தோட்டக்காரன் என்ன கேட்டான்? இந்த வருடமும் இருக்கட்டும், நான் சுற்றிக் கொத்தி எருப் போடுகிறேன் என்றான். மரத்தைக் குறை சொல்லவில்லை, தன் வேலையைக் கூட்டிக்கொண்டான். உங்கள் வளவில் அந்தத் தோட்டக்காரனின் வேலையைச் செய்வது மாமி. சொந்தக்காரரின் கணக்கை வைத்திருப்பது நீங்கள்.

வெண்டி விதை போட்டால் 45, 50 நாளில் காய் பிடுங்கலாம். பனைக்கு 12, 15 வருடமாவது வேண்டும். அதற்காகப் பனங்கொட்டை நட்டவர் யாரும் வடலியைப் போய் ஏசுவதில்லை. இன்னொன்றும் தோட்டம் செய்கிற உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் மேலால் கொஞ்சம் தெளித்துவிட்டுப் போனால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும், இரண்டு நாள் வெயிலுக்கே செடி வாடிவிடும். ஆழமாக நனைய விட்டால்தான் வேர் கீழே இறங்கும். பையில் வைக்கிற பிரசுரம் அந்த மேல்தெளிப்புத்தான்.

அயலைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009 இல் இறுதிப் போரில் முள்ளிவாய்க்கால் தாண்டி, செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்ற சனம் இது. பெயர் கேட்டு, அட்டை பார்த்து, பிறகுதான் பொருள் கைக்கு வரும். கொடுக்கிற கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டார்கள். ஒரு பிடி பயற்றங்காய்க்குக் கீழே கடதாசி கிடந்தால், இதற்கும் ஏதோ விலை இருக்கிறது என்றுதான் அவர்களுக்குப் படும். இனி மரக்கறியை மட்டும் கொடுங்கள். முற்றினதை உங்கள் கறிக்கு வைத்துக்கொண்டு பிஞ்சாகப் பார்த்துக் கொடுங்கள். வேலியடியில் நின்று பிள்ளைகளைப் பற்றி விசாரியுங்கள். ஒருநாள் அவர்களாகவே ஏன் தருகிறாய் என்று கேட்பார்கள். அன்றைக்கு இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லவேண்டாம் என்று நான் ஒருநாளும் எழுதமாட்டேன்.

இந்தக் கிழமைக்குள் மோட்டரைக் கழற்றித் திருத்தக் கொடுக்கச் சொல்லி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவரைப் பெற்றவர்தானே கிணற்றடியில் நிற்கிறார். அது திரும்பி வரும்வரை இரண்டு பேரும் மாறி மாறி அள்ளுங்கள். வைகாசியில் மாமி வற்றாப்பளைக்கு வெளிக்கிட்டால் முகத்தைச் சுளிக்காமல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், திரும்பி வரும் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு சந்தியில் போய் நில்லுங்கள்.

நாளைக்கு விடிய மாமிக்கு முதல் எழும்புங்கள். வாளியைப் பிடிக்கும்போது வசனம் ஒன்றும் சொல்லவேண்டாம். "நீங்கள் கொஞ்சம் படுங்கோ மாமி, இண்டைக்கு நான் ஊத்துறன்" என்றால் போதும். மிளகாய்ப் பாத்திக்கு எவ்வளவு விடவேண்டும் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.