ஓடரை அழுத்திட்டுப் பக்கத்தை மூடினா என்ன நடக்கும்?

வெள்ளவத்தையில ஒன்லைன்ல சாறி விக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. கஸ்டமர் ஓடர் பட்டனை அழுத்திட்டு உடனே பக்கத்தை மூடினா சிலநேரம் ஓடர் வரவே இல்லையாம், சிலநேரம் அதே ஓடர் ரெண்டு தரம் வருதாம், இடையில சிவப்பில 'நெட்வேர்க் பிழை' எண்டு ஒண்டு மின்னி மறையுதாம். சைட் செய்து குடுத்தவர் சேர்வர் காணாது, பெரிசா எடுங்கோ எண்டுறாராம். எடுக்கவா எண்டு கேக்கிறா.

எடுக்காதீங்கோ தங்கச்சி. எதைக் கேட்டாலும் 'சேர்வர் காணாது' எண்டுறவருக்கு ஹோஸ்டிங் விக்கிறதில கொமிஷன் இருக்கும், நான் பாக்காத ஆளா.

காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ்ஸில நிண்டுகொண்டு ஒருத்தர் ஓடரை அழுத்துறார், இறங்கிற இடம் வந்திட்டுது, பக்கத்தைத் தள்ளி மூடிடுறார். பக்கம் போனா அது அனுப்பின, பதில் வராத கோரிக்கைகளை பிரவுசர் வெட்டிடும். ஃபோனை விட்டே வெளிக்கிடாட்டி ஓடர் இல்லை, அவ்வளவுதான். ஆனா சேர்வருக்கு ஏற்கனவே போய்ச் சேந்திருந்தா? கொத்துக் கடையில ஓடர் சொல்லிட்டு வெளிய போனா தட்டுற சத்தம் நிக்குமா? சேர்வரும் அப்பிடித்தான், பெரும்பாலும் ஓடரை எழுதிடும், பதிலை வாங்கத்தான் ஆள் இல்லை. இங்க வெட்டினா அங்க ரத்தாகிடும் எண்டுதான் கனபேர் நினைக்கினம், அனுப்பின கோரிக்கையைக் கோடாலயே வெட்டுற அபோர்ட் கன்ட்ரோலர் போட்டாலும் இதே கதைதான், அது பக்கத்தைத்தான் காத்திருக்காம விடச்செய்யும், எழுதின ஓடரை அழிக்காது, எடுத்த காசைத் திருப்பாது. அந்த சிவப்பு எழுத்தும் இந்த வெட்டாலதான் வருது, மனுசன் அதைப் பாத்திட்டு ஓடர் போகேல்லை எண்டு திரும்ப வந்து அழுத்துறார், உங்களுக்கு ரெண்டு சாறி.

அதால ஓடர் பக்கம் திறக்கேக்கையே ஒரு தனி நம்பரை உண்டாக்கி ஃபோனிலயே சேமிச்சு வைக்கச் சொல்லுங்கோ, எத்தினை தரம் அழுத்தினாலும் அதே நம்பர்தான் போகோணும், சேர்வர் அதைக் கண்டா புது ஓடர் போடாம பழசையே காட்டோணும். ஆள் போறார் எண்டு தெரிஞ்சா சிவப்பு எழுத்தையும் காட்டாம விடலாம்.

கூடையில என்ன இருந்தது மாதிரி சின்ன விசயத்துக்கு சென்ட் பீக்கன், இல்லாட்டி கீப் அலைவ் போட்ட ஃபெட்ச் எண்டு பிரவுசரிலயே ரெண்டு அனுப்பிற வழி இருக்கு, ரெண்டும் பக்கம் போன பிறகும் அனுப்பும். ஆனா 64 கிலோபைட்டுக்கு மேல ஏத்தாது, பேங்க் ஸ்லிப் படத்தை அதில அனுப்பப் பாக்காதீங்கோ. பீக்கன் 'சரி' எண்டா வரிசையில போட்டாச்சு எண்டுதான் அர்த்தம், போய்ச் சேந்தது எண்டு இல்லை.

அன்லோட் நேரத்தில, அதாவது பக்கம் மூடுப்படுற நேரத்தில, அனுப்பிற பழைய கோடை இன்னும் கொப்பி பண்ணிக் குடுக்கிறாங்கள். ஃபோனில அன்லோட் வரும் எண்டு நம்பவே ஏலாது, பக்கம் கண்ணில இருந்து மறையேக்க வாற விசிபிலிட்டி சேஞ்சைத்தான் பாக்கோணும். பதில் வரும்வரை பக்கத்தை மூட விடாமப் பிடிச்சு வச்சு அனுப்பிற வழியையும் குரோம் 2020லயே 80ஆம் பதிப்போட அடைக்கத் தொடங்கிட்டுது. 'போகாதீங்கோ' எண்டு உங்கட வசனத்தோட பெட்டி காட்டுறம் எண்டு காசு கேட்டாலும் குடுக்காதீங்கோ, உங்கட வசனத்தை பிரவுசர் காட்டாது. பிரவுசர் செய்யிற ஆக்களும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒண்டை மாத்துவினம், சிக்கல்படுறது கடைக்காரர்.

சைட் செய்து குடுத்தவரை முன்னால இருத்தி, நெட்டை மெதுவாக்கி, ஓடரை அழுத்தி உடனே மூடச் சொல்லுங்கோ, திரும்பத் திறந்து இன்னொருக்கா அழுத்தச் சொல்லுங்கோ. பட்டியலில ஒரே ஒரு ஓடர் இருந்தா மிச்சக் காசைக் குடுங்கோ.