தோல் புற்றுநோயில் கத்தி வைக்கும் முன்பே கட்டியின் எல்லையைப் படம் பிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லா இடத்திலும் முடியாது. நான் நியூயார்க்கில் ஒரு தோல் மருத்துவப் பிரிவில் இந்தப் படங்களை எடுக்கும் வேலையில் இருக்கிறேன். மாமாவுக்கு மூக்கோரத்தில் பேசல் செல் கார்சினோமா (தோல் புற்றுநோயில் ஒரு வகை) என்று பயாப்சியில் வந்திருக்கிறது, எவ்வளவு வெட்டுவார்கள் என்று முன்னமே தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலை ரொம்ப நியாயமானது.

வெளியே தெரியும் புண்ணைவிட உள்ளே கட்டி அகலமாகப் பரவியிருக்கலாம். அதனால் சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்தே எடுப்பார்கள். ஆபத்துக் குறைந்த சின்னக் கட்டிக்கு 4 மி.மீ. என்பது வழக்கம். முதுகில் 4 மி.மீ. போனால் யாருக்கும் தெரியாது, மூக்கில் அது பெரிய இழப்பு. இதற்குத்தான் மோஸ் சர்ஜரி. 1930களில் விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் மோஸ் தொடங்கிய முறை இது. மெல்லிய அடுக்காக எடுத்து, உறையவைத்துச் சீவி, விளிம்பு முழுவதையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்று மிச்சம் இருக்கும் மூலையில் மட்டும் மறுபடி எடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நோயாளி கட்டுப் போட்ட முகத்தோடு வெளியே காத்திருக்க வேண்டும்.

இந்தச் சுற்றுகளைக் குறைக்கத்தான் படம். நான் அதிகம் பயன்படுத்துவது கான்ஃபோகல் நுண்ணோக்கி. பாஸ்டனில் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் அவர் குழுவினரும் 1995-இல், உயிருள்ள மனிதத் தோலை வெட்டாமலே செல் அளவில் இதன் மூலம் காட்டினார்கள். வலுக்குறைந்த லேசர் ஒளி தோலுக்குள் போய், பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் உருவாகிறது. ஊசி இல்லை, சாயம் இல்லை, வலியும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால், கண்ணுக்குக் கறுப்பாக இருப்பது படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு வரும் பேசல் செல் கட்டி பெரும்பாலும் கறுத்தே இருக்கும், அதனால் அது படத்தில் நன்றாகவே தெரியும். மூக்கோரம் போன்ற வளைவான இடங்களுக்குக் கையில் பிடிக்கும் சின்னக் கருவி உண்டு.

குறை என்னவென்றால் ஆழம். கான்ஃபோகல் சுமார் 0.2 மி.மீ. வரைதான் தெளிவாகப் பார்க்கும். ஓ.சி.டி. என்ற, ஒளியை வைத்தே தோலின் குறுக்குவெட்டைக் காட்டும் இன்னொரு முறை 1 முதல் 2 மி.மீ. வரை போகும், ஆனால் செல்லைத் தனித்தனியாகக் காட்டாது. கட்டியின் ஆழத்தை அதில் பார்த்து, பக்கவாட்டு எல்லையைக் கான்ஃபோகலில் பார்ப்பது நல்ல சேர்க்கை.

கான்ஃபோகலின் அருமை முழுதாகத் தெரிவது லென்டிகோ மாலிக்னாவில்தான். வெயிலில் வெந்த வயதானவர்களின் முகத்தில் பழுப்புத் திட்டாக வரும் ஆரம்பநிலை மெலனோமா (நிறமி செல்களில் தோன்றும் தோல் புற்று) அது. எங்கே முடிகிறது என்று கண்ணால் சொல்லவே முடியாது. உறையவைத்த சீவலிலும் அதைப் படிப்பது கஷ்டம். அடையாளத்துக்குத் தோலில் காகிதப் பட்டை ஒட்டி, திட்டின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து பார்ப்போம். கெட்ட செல்கள் நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுவோம். திட்டு இவ்வளவுதான் என்று நினைத்திருந்த நோயாளிக்கு, கோடு கன்னத்தில் வேறெங்கோ போவதை அறுவைக்கு முன்பே கண்ணாடியில் காட்ட முடிகிறது. காயம் எப்படி மூடப்படும், ஒட்டுத்தோல் வேண்டுமா என்று முன்கூட்டியே பேசி முடிவெடுக்கலாம். இது சின்ன விஷயமில்லை.

ஆனால் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் புற்று இல்லை என்று அர்த்தமில்லை. ஆழத்தில் இருக்கலாம், பொருக்கு மறைக்கலாம், பயாப்சி எடுத்த இடத்தின் வீக்கமும் குழப்பும். கடைசித் தீர்ப்பு, எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் பரிசோதனைதான்.

சரி, உங்கள் மாமா விஷயம். முதலில் மோஸ் செய்யும் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். படக்கருவி இருந்தால் நல்லது, இல்லையென்றால் அதைத் தேடி அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம், மோஸிலேயே விளிம்பு முழுவதும் பார்க்கப்படுகிறது.

அப்புறம் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. இந்தியர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான். அங்கே தோல் தடிமன் என்பதால் கான்ஃபோகல் சரியாக உள்ளே போகாது. உள்ளங்காலில் பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்புத் திட்டு இருந்தால் ஸ்கேன் எங்கே கிடைக்கும் என்று தேடாமல் நேராகத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் பயாப்சி வேண்டும் என்றால் தயங்காதீர்கள்.