வாசகர் கேள்வி பதில்: பாங்காக்கில் ஒரு பகல்

கேள்வி: நானும் கணவரும், மூட்டுவலி உள்ள 68 வயது மாமியாரும் சிங்கப்பூரிலிருந்து சுற்றுலாக் கப்பலில் செல்லவிருக்கிறோம். கப்பல் காலை 7 மணிக்கு தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்தை அடைந்து, இரவு 7 மணிக்குப் புறப்படும். அந்தப் பகலுக்குள் பாங்காக்கின் அரண்மனை, மிதக்கும் சந்தை, கால்வாய்கள் மூன்றையும் பார்த்துவிட முடியுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: முடியாது. லேம் சபாங்கிலிருந்து பாங்காக், வேலூரிலிருந்து சென்னைக்கு உள்ள தொலைவு இருக்கும். நெரிசலையும் சேர்த்தால் போக வர ஐந்து மணி நேரம் சாலையிலேயே கழியும். கப்பல் கிளம்புவதற்கு வெகு முன்பே ஏறிவிட வேண்டும் என்பதால், பிற்பகல் 2 மணிக்கெல்லாம் நகரத்தை விட்டுப் புறப்படுவது நல்லது. பெயர்பெற்ற தாம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தையோ பாங்காக்கையும் தாண்டி 100 கிலோமீட்டர், அதை மறந்துவிடுங்கள். அரண்மனை வளாகமும் வெயிலில் நெடுந்தூரம் நடக்க வைக்கும் என்பதால், உங்கள் மாமியாருக்கு ஏற்றதன்று.

கால்வாய்களையே தேர்ந்தெடுங்கள். 16ஆம் நூற்றாண்டில் பழைய தாய் அரசான அயுத்தயாவின் மன்னர் ஒருவர், பாங்காக் வழியே ஓடும் சாவ் பிரயா ஆற்றின் பெரிய வளைவு ஒன்றைத் தவிர்ப்பதற்காகக் குறுக்கே வாய்க்கால் வெட்டினார். ஆறு அந்த வெட்டிலேயே பாயத் தொடங்கி, நாளடைவில் அதை அகலமாக்கிக்கொண்டது. இன்று வாட் அருண் கோவிலின் முன்னால் கடல்போல் விரிந்து ஓடுவது அந்த வெட்டுவாய்க்கால்தான். ஆற்றின் மேற்குக் கரையான தோன்புரிப் பக்கத்தில் வீடுகளுக்கிடையே நெளியும் பாங்காக் யாய், பாங்காக் நோய் கால்வாய்களே பழைய ஆறு. தண்ணீரில்லாத ஆற்றுக்குப் பேர்போன நம் ஊர்க்காரர்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

நீண்ட வால் படகு ஒன்றை மணிக்கு இவ்வளவு என்று பேசி, ஏறுவதற்கு முன்பே வாடகையை முடிவு செய்துகொள்ளுங்கள். லாரி எஞ்சினை நீண்ட தண்டோடு பின்புறம் பொருத்தியிருப்பார்கள். படகோட்டி எஞ்சினையே திருப்பித்தான் படகைத் திருப்புவார். ஆற்றிலிருந்து கால்வாய்க்குள் நுழையும் மதகில் ஒரு கதவு மூடி, நீர்மட்டம் சமமாகி, அடுத்த கதவு திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். உள்ளே போனால், மரவீட்டுப் படிகளில் நம் ஊர் உடும்பைவிடப் பெரிய நீர் உடும்புகள் வெயில் காய்வதைக் காணலாம். படகு ஆடும் என்பதால், மாமியாரை இருவர் பிடித்து ஏற்றுங்கள்.

வாட் அருணின் செங்குத்தான படிகளில் ஏற வேண்டாம். படகிலிருந்து பார்த்தாலே போதும். எதிர்க்கரையில் வாட் போ கோவிலுக்கு மட்டும் செல்லுங்கள். 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரின் உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியால் இழைத்திருக்கிறார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம், சேலைக்குத் தடையில்லை.

வாசலில் எவரேனும், "இன்று கோவில் மூடியிருக்கிறது, வேறிடம் காட்டுகிறேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பி, ஒரு ரத்தினக்கல் கடையில் ஒரு மணி நேரத்தை இழந்தேன்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்றால், வண்டி தாமதமானாலும் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். வெளி டாக்சி மலிவுதான். ஆனால் அதில் போய்த் தாமதமானால் கப்பல் உங்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். ஆகவே டாக்சியில் போவதாக இருந்தால், பாங்காக்கிலிருந்து 1 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.